கொள்ளிடத்து ஓடத்துறைகள்: வாசகர் கேள்வி – பதில்

காவிரியின் கிளைகளான கொள்ளிடம், வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டிக் கரைகளில் ஓடிய ஓடங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி (சீர்காழி): "கொள்ளிடம் தாண்டினா வேற சீமை" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஆறு எப்போது எல்லை ஆனது? சோழர் காலத்திலேயேவா?

பதில்: சோழர் காலத்தில் அது எல்லை இல்லை, நாட்டுக்குள்ளே ஓடிய ஆறு. ராஜேந்திரன் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரமே கொள்ளிடத்துக்கு வடக்கேதான் இருக்கிறது. சோழநாட்டு எல்லையைச் சொல்லும் பழைய வெண்பாவும் வடக்கே கொள்ளிடத்தோடு நிறுத்தவில்லை.

அது எல்லையாக இறுகியது தஞ்சை மராட்டியர் காலத்தில். தெற்கே தஞ்சை ராஜ்யம். வடக்கே அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள், அவர்களுக்கு மேலே ஆற்காட்டு நவாபு. 1799இல் தஞ்சைச் சீமையும் 1801இல் நவாபின் கர்நாடகச் சீமையும் கம்பெனியிடம் போனபிறகு இரு கரைக்கும் ஒரே துரைத்தனம் வந்தது. ஆனாலும் எல்லை அழியவில்லை. தெற்கே தஞ்சாவூர் ஜில்லா, வடக்கே திருச்சிராப்பள்ளி ஜில்லாவும் தென்னார்க்காடும் என்று ஜில்லா எல்லையாக மாறிக்கொண்டது. இன்றைக்கும் அரியலூர், கடலூர் மாவட்டங்களைத் தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து பெரும்பாலும் இந்த ஆறுதான் பிரிக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சு இல்லை. நெல் வாங்க, மாடு விற்க, பெண் எடுக்க, கோர்ட்டுக்குப் போக, எதற்கானாலும் அக்கரை என்றால் அரை மைல் அகல ஆற்றில் ஓடத்துக்குக் காத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அந்தக் காத்திருப்பு நாள்கணக்கில் நீளும். இரண்டு சீமை என்ற எண்ணத்தை அரசர்கள் பாதி உண்டாக்கினார்கள் என்றால் தண்ணீர் பாதி உண்டாக்கியது.

கேள்வி (சிதம்பரம்): 1749இல் ஆங்கிலேயர் தேவிக்கோட்டையைப் பிடித்தபோது தெப்பம் கட்டிக் கொள்ளிடத்தைக் கடந்தார்கள் என்று படித்தேன். அத்தனை பேரை ஒரு தெப்பம் எப்படித் தாங்கியது?

பதில்: எல்லை ஆற்றைக் கடந்த கதைகளில் இதைவிடத் துல்லியமாகப் பதிவானது கிடைப்பது அரிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அரியணை இழந்த ஷாஜிக்கு உதவுவதாகச் சொல்லி, தஞ்சை மன்னர் பிரதாப சிங்குக்கு எதிராக வந்த படை அது. தலைவர் மேஜர் லாரன்ஸ். கிளைவ் அப்போது லெப்டினன்ட். கப்பல்கள் கொள்ளிட முகத்துக்கு வெளியே நிற்க, படை சிறு படகுகளில் உள்ளே வந்து கோட்டைக்கு எதிர்க்கரையில் இறங்கியது. (இந்தக் கோட்டையை அந்தப் பக்கத்து ஊரார் தீவுக்கோட்டை என்பார்கள்.) பீரங்கியால் அடித்து ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே சுவரை உடைத்தாயிற்று. ஆனால் ஆற்றைத் தாண்டினால்தானே உடைப்புக்குள் நுழைய முடியும்? அக்கரைப் புதர்களில் தஞ்சைப் படை பதுங்கியிருந்தது. பத்துப் பத்துப் பேராகப் படகில் போனால் இறங்க இறங்க வெட்டுப்படுவார்கள்.

ஜான் மூர் என்ற கப்பல் தச்சர் 400 பேர் நிற்கக்கூடிய தெப்பம் ஒன்றைக் கட்டினார். ஆயுதத்தோடு ஆளுக்கு 80 கிலோ என்று வைத்தால் 32 டன் சுமை. ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள மரம் என்று வைத்தால், அது தன் எடை போக 400 கிலோதான் தாங்கும். ஆக, வெறும் கட்டையை நம்பினால் 80 கன மீட்டர் மரம் வேண்டும். அதைக் கட்டுவதுகூடப் பெரிய வேலை இல்லை. கட்டியதை ஓட்டத்துக்குக் குறுக்கே நகர்த்துவதுதான் பெரிய வேலை. அவ்வளவு பாரத்தைக் கழி போட்டுத் தள்ள முடியாது, துடுப்புக்கும் அடங்காது. ஆறு தன் போக்கில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மூர் ஓர் இருட்டு ராத்திரியில் கயிற்று நுனியை எடுத்துக்கொண்டு அக்கரைக்கு நீந்தினார். எதிரியின் காவல் ஆட்கள் சில கஜ தூரத்தில் இருக்க, ஒரு பெரிய மரத்தின் வேரில் கயிற்றைக் கட்டிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பினார். பார்வைக்குத் தெரியாமலிருக்கக் கயிற்றைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார்கள். மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு 400 பேரும் பீரங்கிகளும் ஏறிய தெப்பம் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டே நகர்ந்தது. அதே நேரத்தில் இக்கரைப் பீரங்கிகள் அக்கரைப் புதர்களை அடித்துக்கொண்டிருந்தன.

வேரில் கட்டியதைக் கவனியுங்கள். நட்டுவைத்த முளையில் கட்டினால் இழுவை ஏற ஏற முளை சாய்ந்து மணலோடு பிடுங்கிக்கொண்டு வரும். மரத்தின் நடுத்தண்டில் கட்டினால் கயிறு நீருக்கு மேலே தெரியும். வேர் தரைமட்டத்தில் இருப்பதால் கயிறு தாழ்ந்து கிடக்கும், பிடிப்பும் விடாது. நம் ஊர்க் கயிற்று ஓடக்காரர்களும் அரசு, ஆல், புளி என்று பார்த்து அடிவேரில்தான் வடம் கட்டுவார்கள்.

கேள்வி (கும்பகோணம்): சோழர் காலத்தில் ஓடத்துக்கு வரி இருந்ததா?

பதில்: இருந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த முதலாம் ராஜராஜன் காலத்துச் செப்பேட்டில் வருவாய்களின் நீண்ட பட்டியல் வருகிறது. லெய்டன் செப்பேடு என்று பேர் பெற்றது அதுதான். அந்தப் பட்டியலில் "உல்கும் ஓடக்கூலியும்" என்று சேர்த்தே சொல்லியிருக்கிறது. உல்கு என்றால் சுங்கம். சரக்குக்குச் சுங்கமும் ஆற்றைக் கடக்க ஓடக்கூலியும் பக்கத்துப் பக்கத்தில் வருவதில் வியப்பில்லை, இரண்டையும் வசூலிக்க வாகான இடம் துறைதான்.

கேள்வி (மயிலாடுதுறை): எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள 'துறை' ஓடத்துறையா?

பதில்: அப்படிச் சொல்ல இடமில்லை. துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். குளிக்க இறங்கினாலும் துறை, துணி வெளுத்தாலும் துறை, ஓடம் நின்றாலும் துறை. உங்கள் ஊர் பேர் பெற்றது ஐப்பசி மாதத் துலா நீராடலுக்கு. திருச்சியில் காவிரிக்கரை ஓடத்துறை போல, பெயரிலேயே 'ஓடம்' இருந்தால் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (திருமானூர்): அகலமான ஆற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டே இருக்கும்போது ஓடம் சரியாக அக்கரைத் துறையிலேயே போய் நின்றது எப்படி? ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: உண்டு. எழுதி வைக்காத கணக்கு, ஆனால் துல்லியமானது.

முதலில் ஓட்டத்தை அளக்க வேண்டும். கரையோரமாக 30 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு குச்சியையோ வெங்காயத்தாமரையையோ ஆற்றுக்குள் வீசுங்கள். 30 அடியை அது 10 விநாடியில் கடந்தால் ஓட்டம் விநாடிக்கு 3 அடி. கழி போட்டும் துடுப்பு வலித்தும் ஆள் ஏறிய ஓடம் விநாடிக்கு 2 அடி குறுக்கே போகும் என்று வைப்போம். ஆறு 2,000 அடி அகலம் என்றால் கடக்க 1,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 17 நிமிஷம். அதற்குள் ஆறு ஓடத்தை 3,000 அடி கீழே தள்ளியிருக்கும். ஆகவே அக்கரைத் துறைக்கு நேரே புறப்பட்டால் அரை மைலுக்கு மேல் கீழே போய்த்தான் கரையேற முடியும்.

அதனால் ஓடம் துறையிலிருந்து நேராகப் புறப்படாது. ஆளை ஏற்றுவதற்கு முன்போ ஏற்றிய பிறகோ, கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோரமாகவே மேற்கே, அதாவது தண்ணீர் வரும் திசையில், இழுத்துப் போவார்கள். கரையோரத்தில் ஓட்டம் மெதுவாக இருக்கும், தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும் என்பதால் இழுக்க முடியும். போதிய தூரம் மேலே போனதும் முகப்பைக் கொஞ்சம் எதிர்நீரில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். திரும்பும்போது அக்கரையிலும் இதே வேலை. பயணம் கால் மணி என்றால் இழுப்பது அரை மணி. ஓடக்காரர் உழைப்பில் பெரும்பங்கு இந்த இழுவைதான். பார்க்கிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

இன்னொன்று, ஆறு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடாது. வளைவின் வெளிக்கரையில் ஆழமும் வேகமும் அதிகம், உள்கரையில் மணல் சேர்ந்து மெதுவாக இருக்கும். நடுவில் திட்டு இருந்தால் அதன் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் ஏறத்தாழ நின்றே போகும். கைதேர்ந்த ஓடக்காரர் திட்டின் நிழலில் ஒதுங்கி மூச்சு வாங்கி, கழி எட்டும் இடமெல்லாம் கழியைப் போட்டு, எட்டாத இடத்தில் மட்டும் துடுப்பைத் தொடுவார். கழி மணலில் ஊன்றும்போது கிடைக்கும் உந்துதல் துடுப்பில் கிடைக்காது. ஆனால் கழியில் ஓர் ஆபத்து உண்டு. சேற்றில் புதைந்துபோனால் கழியை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே நின்றால் ஓடம் போய்விடும், ஆள் கழியில் தொங்குவார். அதனால்தான் ஓடத்தில் எப்போதும் உபரியாக ஒரு கழி கிடக்கும்.

கேள்வி (கொரடாச்சேரி): வெட்டாறு, அரசலாறு போன்ற சிறிய ஆறுகளில் கயிறு கட்டி ஓடம் இழுத்தார்களாமே? எங்கள் பக்கத்து ஓடத் திருவிழாவைப் பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள்.

பதில்: சிறிய ஆற்றில் அதுதான் சுலபம். இரு கரை மரங்களிலும் தேங்காய்நார் வடத்தைக் கட்டிவிட்டால், ஓடத்தில் நிற்கிறவர் வடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து இழுத்தே அக்கரை போய்விடலாம். துடுப்புத் தெரியாத பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூடத் தாங்களே கடந்தது இந்த முறையில்தான்.

பார்க்க எளிதாக இருப்பதால் இதன் ஆபத்து தெரிவதில்லை. வடம் ஓடத்தைப் பிடித்து நிறுத்துகிறது, ஓட்டமோ அதைக் கீழே தள்ளுகிறது. இழுக்கிறவர்கள் எல்லோரும் மேற்குப் பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம் சாய்ந்து வடத்தைப் பிடித்தால் அந்தப் பக்கத்து விளிம்பு தாழும், ஓட்டம் அதன்மேல் ஏறி உள்ளே விழும். கயிற்று ஓடம் பெரும்பாலும் எதிர்நீர்ப் பக்கமாகவே கவிழும். ஆகவே வடத்தை இழுக்க ஒருவரோ இருவரோ போதும், மற்றவர்கள் கீழ்நீர்ப் பக்கம் உட்கார வேண்டும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் வடத்தின் மேல் இழுவை நான்கு மடங்காகும். நேற்றுத் தாங்கிய வடம் இன்றும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. நார் வடம் அறுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, மரத்தில் சுற்றிய இடத்தில் உரசி உரசித்தான். அந்த இடத்தில் சாக்கையோ வைக்கோல் புரியையோ சுற்றி வைப்பார்கள்.

உங்கள் திருவிழா திருக்கொள்ளம்புதூரில் நடப்பது. ஆற்றில் வெள்ளம் பெருகி, ஓடத்தை விட்டுவிட்டு ஓடக்காரர்கள் போய்விட்ட நேரத்தில், திருஞானசம்பந்தர் அடியார்களோடு அதில் ஏறிக் "கொட்டமே கமழும்" என்று தொடங்கிப் பாட, ஓடம் தானாக அக்கரை சேர்ந்தது என்பது ஐதீகம். பாட்டு முழுக்க "செல்ல உந்துக" என்று வருகிறது. ஓடத்தைத் தள்ளும்போது சொல்கிற அதே சொல்.

கேள்வி (தஞ்சாவூர்): ஓடம் எந்த மரத்தில் செய்தார்கள்? ஒழுகாமலிருக்க என்ன பூசினார்கள்? பரிசலும் ஓடமும் ஒன்றா?

பதில்: ஒன்றில்லை. பரிசல் வட்டமானது. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல முடைந்து, முன்காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். ஒகேனக்கல், பவானிப் பக்கம் பாறை ஆற்றுக்கு அது பொருத்தம், பாறையில் இடித்தாலும் நெளிந்துகொடுக்கும். நம் பக்கம் மணல் ஆறு, சுமை நெல் மூட்டை, மாடு, வண்டி. அதற்கு வேண்டியது தட்டை அடி வைத்த பலகை ஓடம்.

நீரில் நின்று உழைக்கும் மரம் இலுப்பை. விலா எலும்புபோல ஓடத்துக்குள் நிற்கும் வளைந்த உள்கால்களுக்குப் புன்னை, அதன் கிளை இயல்பாகவே வளைந்து வளர்வதால் வெட்டி இணைக்காமல் ஒரே துண்டாகக் கிடைக்கும். பலகை இடுக்குகளில் பஞ்சோ தேங்காய் நாரோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சூடாகப் பூசுவார்கள். இந்த வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். கோடையில் ஆறு வற்றி ஓடம் மணலில் கிடக்கும்போது பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு விரியும். அதைப் பார்த்துப் பயந்து அளவுக்கு மேல் நாரைத் திணித்துவிட்டால், தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறிப் பருத்து, ஆணிகள் கழன்று, ஓடமே பிளக்கும். முதலில் இரண்டு மூன்று நாள் ஓடத்துக்குள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, அதற்கப்புறமும் ஒழுகும் இடத்தில் மட்டும் கலப்பற்றுச் செய்வதுதான் முறை. கிடக்கும் நாளில் ஓலைக் கொட்டகை போட்டு வெயில் படாமல் காப்பதும் இதனால்தான்.

கேள்வி (பாபநாசம்): மாட்டுவண்டியை எப்படி அக்கரை கொண்டுபோனார்கள்?

பதில்: இரண்டு ஓடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே குறுக்குச் சட்டம் போட்டுப் பலகை பரப்பிக் கட்டினால் அதற்குச் சங்கடம் என்று பெயர். தமிழ் அகராதியில் இரட்டைத் தோணி என்ற பொருளோடு இந்தச் சொல் இன்றும் இருக்கிறது. இப்போது வண்டி ஏற்றும் படகை ஜங்கார் என்கிறோமே, அதன் உறவுதான். இரண்டு ஓடத்துக்கும் நடுவில் தண்ணீர் தாராளமாக ஓட இடம் விட வேண்டும். நெருக்கிக் கட்டினால் நடுவில் புகும் தண்ணீர் இரண்டையும் பிரித்துக் கட்டிய கயிற்றை அறுக்கும்.

வண்டியை நுகத்தடி முன்பக்கம் பார்க்க ஏற்றி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பாரத்தை அச்சுக்கு நேரே இறக்கிவைப்பார்கள். மாட்டை ஒருபோதும் பூட்டிய நிலையில் ஏற்ற மாட்டார்கள். ஒரு மாடு மிரண்டால் வண்டியோடு எல்லாம் போகும். ஏற இடம் இல்லையென்றால் மாடுகள் நீந்தியே வரும். மூக்கணாங்கயிற்றைக் குட்டையாகப் பிடித்துத் தலையை ஓடத்து விளிம்பை ஒட்டி நீருக்கு மேலே தாங்கிக்கொண்டால் போதும், மாடு இயல்பிலேயே நல்ல நீச்சல்காரன். காதுக்குள் தண்ணீர் போனால்தான் கலங்கும். அதனால் கீழ்நீர்ப் பக்கம், ஓடத்தின் மறைவில் நீந்தவிடுவார்கள்.

மாசி முதல் வைகாசி வரை ஓடமே தேவைப்படாது. வண்டிகள் ஆற்று மணலிலேயே போகும். சக்கரம் புதையாமலிருக்க நாணல், வைக்கோல், தென்னை ஓலை பரப்பிப் பாதை போட்டிருப்பார்கள்.

கேள்வி (ஜெயங்கொண்டம்): ஓடத்துறை ஏலம் என்பது என்ன? கூலியை யார் முடிவு செய்தார்கள்?

பதில்: வெள்ளைக்காரர் காலத்தில் முக்கியத் துறைகளை அரசு பொதுத் துறைகளாக அறிவித்தது. 1890ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கால்வாய் மற்றும் பொது ஓடத்துறைச் சட்டம் அதற்கு அடிப்படை. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, பிற்காலத்தில் பஞ்சாயத்து யூனியன் என்று உள்ளாட்சிகள் ஆண்டுதோறும் துறையை ஏலம் விட்டன. எடுத்தவர் குத்தகைத் தொகையைக் கட்டிவிட்டு, ஆளுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று குறித்த விகிதப்படி வசூலிப்பார்.

இதில் பலவீனமான இடம் ஒன்றிருந்தது. குத்தகை ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் துறை யாருக்கோ என்ற நிலையில் நல்ல மரத்தில் புது ஓடம் செய்ய யாருக்கும் மனம் வராது. கட்டிய தொகையை வசூலாக்க, சந்தை நாளிலும் திருவிழா நாளிலும் தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றத் தோன்றும். ஓடக்கூலியைக் காசாக வாங்காமல், கரையோர ஊர்க்காரர்களிடம் அறுவடைக்களத்தில் வருஷத்துக்கு இவ்வளவு நெல் என்று வாங்கிய துறைகளில் இந்த அவசரம் குறைவு. ஊராரே நெல் கொடுப்பவர்கள் என்பதால் ஓடத்தின் நிலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் கருத்தில் அந்தப் பழைய ஏற்பாடுதான் மேல்.

கேள்வி (காரைக்கால்): பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் எல்லையும் ஆறுதானே?

பதில்: வடக்கில் ஆம். நண்டலாறு தாண்டினால் பிரிட்டிஷ் சீமை, அதற்கு அப்பால் 1845 வரை டேனிஷ்காரர் கையில் இருந்த தரங்கம்பாடி. அரசலாறு உங்கள் ஊருக்குள்ளேயே ஓடுவதால் அது எல்லை இல்லை. 1739இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்த காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேரும்வரை, நண்டலாற்றைக் கடப்பது நாடுவிட்டு நாடு போவதுதான். கொள்ளிடத்தைப் போலப் பெரிய ஆறு இல்லை என்பதால், அங்கே கடக்கிறவர்களுக்குத் தண்ணீரைவிடச் சுங்கச்சாவடிதான் கவலை.

கேள்வி (திருவையாறு): சுந்தரர் பாட, காவிரி விலகி வழிவிட்டது என்பார்கள். அந்தக் காலத்தில் ஓடம் விடலாமா கூடாதா என்று எப்படி முடிவு செய்தார்கள்?

பதில்: அந்த நிகழ்ச்சியைச் சொல்லும் பெரியபுராணத்திலேயே உங்கள் கேள்விக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. சேரமான் பெருமாளோடு தென்கரையில் நின்ற சுந்தரர், வடகரைக் கோபுரத்தைப் பார்த்தும் போக முடியவில்லை. ஓடமும் செல்லாதபடி வெள்ளம் பெருகியிருந்தது. அதாவது துறை இருந்தது, ஓடமும் இருந்தது, ஓடக்காரர்கள் விடவில்லை.

விடாமலிருக்க அவர்கள் பார்த்த அடையாளங்கள் இன்றைக்கும் பொருந்தும். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, அரை மணி கழித்துப் பார்ப்பது முதல் வேலை. குச்சி நனைந்துகொண்டே வந்தால் பெருக்கு ஏறுகிறது. தெளிந்த நீர் திடீரென்று செம்மண் கலங்கலாக மாறுவது, நுரையும் சருகும் கோரைக் கட்டையும் நடு ஆற்றில் மிதந்து வருவது, இவை மேலே பெருக்கு வருவதன் அடையாளம். ஆறு ஏறும்போது குப்பை நடுவில் வரும், இறங்கும்போது ஓரம் ஒதுங்கும் என்பார்கள். ஏறும் ஆற்றின் நடுப்பகுதி கொஞ்சம் உயர்ந்திருக்கும் என்பதால் அந்தப் பேச்சில் பொருள் உண்டு. முழு மரம் மிதந்து வந்தால் அன்றைக்கு ஓடம் இல்லை.

கேள்வி (அணைக்கரை): ஓடங்கள் எப்போது மறைந்தன? பாலம் வந்ததாலா?

பதில்: பாலத்துக்கு முன்னால் அணை. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு, அதனால் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கிக் காவிரி தூர்ந்துவிடும் என்று பயந்து, ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையும் உங்கள் ஊரில் கீழணையும் கட்டும் வேலையைத் தொடங்கினார். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் தெற்கு ராஜன் வாய்க்காலுக்கும் தண்ணீர் பிரிந்தது. பின்னால் அந்த அணையின் மேலேயே போக்குவரத்தும் நடந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு கொள்ளிடம் வெள்ளக்கால ஆறாகச் சுருங்கியது, மிச்ச நாளெல்லாம் மணல். வருஷத்தில் பாதிக்கு மேல் ஓடிய ஓடம் சில வாரம் ஓடுவதாகிவிட்டால் அதை நம்பி எந்தக் குடும்பம் பிழைக்கும்? பாலங்கள் வந்து முடித்துவைத்தது அதன் பிறகு.

ஆனால் ஆறு வலுவிழந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 1924 ஜூலை வெள்ளம் பழைய தலைமுறையின் அளவுகோல். 2018 ஆகஸ்டில் மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைந்தன. அதே மாதத்தில் திருச்சிப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன.

கேள்வி (கொள்ளிடக் கரையோரப் படுகைக் கிராமம்): வெள்ளம் வந்தால் எங்களுக்கு இன்றும் படகுதான். ஏறுவதற்கு முன் நாங்களே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்களுக்கு ஓடத்துறை என்பது பழங்கதை இல்லை, அந்த வாரத்து வாழ்க்கை. இந்தப் பதிலை வெட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாரம். 24 அடி நீளம், 6 அடி அகலமுள்ள தட்டை அடிப் படகு, பெரியவர்கள் இருவர் ஏறினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தாழும். 30 பேர் ஏறினால் அரை அடி. ஏறி முடித்தபின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இருக்க வேண்டும். கரையில் நிற்பவர் ஒருவர் கையை வைத்து அளந்து பார்த்துச் சொல்லட்டும், படகுக்குள் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. படகின் வெளிப்பக்கத்தில் அந்த அளவுக்கு வண்ணக்கோடு ஒன்றை இழுத்துவிட்டால் தகராறே இல்லை: கோடு முழுகினால் ஒருவர் இறங்க வேண்டும். நம்மை எண்ணும்போது மோட்டார்சைக்கிள், கேஸ் சிலிண்டர், ஆடு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

இரண்டாவது, உட்காருவது. தரையில் உட்கார்ந்தால் படகு கொஞ்சம் ஆடினாலும் எளிதில் கவிழாது. எல்லோரும் நின்றால் கொஞ்சம் சாய்ந்தாலே எதிர்ப்பக்கம் பிடிக்கத் தாவுவார்கள், கவிழ்வது அப்போதுதான். கரை நெருங்கும் கடைசிப் பத்தடியில் இறங்கும் அவசரத்தில் எல்லோரும் முன்பக்கம் எழுந்து வருவது மிகவும் ஆபத்து. முகப்பு மணலில் தட்டி நின்றபின், கயிறு கட்டியபின், முன்னாலிருப்பவர் முதலில் இறங்கட்டும்.

மூன்றாவது, தண்ணீர் எப்போது வரும் என்பது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைப் பக்கம் வர இரண்டு மூன்று நாளாகும், பெருவெள்ளத்தில் இன்னும் சீக்கிரம் வரும். செய்தியில் சொல்லும் கன அடி என்பது ஒரு விநாடிக்குப் போகும் தண்ணீர். 1 கன அடி என்றால் 28 லிட்டருக்குச் சற்று மேல். முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறப்பு எவ்வளவு என்பதையும் கீழணையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதையும் தினமும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். இரண்டு வெள்ளம் பார்த்துவிட்டால், எத்தனை கன அடிக்கு உங்கள் பாதை முழுகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆடு மாடு, முதியவர், கர்ப்பிணிகள் அந்த அளவுக்கு ஒரு நாள் முன்னாலேயே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

தண்ணீர் வடிந்தபின் பழைய மணல்தடம்தானே என்று இறங்கி நடக்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் முழங்கால் தண்ணீருக்கு நடுவே ஆளை முழுங்கும் மடுவாக இருக்கின்றன. முன்னால் கழி ஊன்றிப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். அணைக்கரையிலிருந்து கீழே முதலை உண்டு. அந்தியிலும் விடியலிலும் ஓரத்தில் நின்று படகுக்குக் காத்திருக்காமல் கரைமேல் நில்லுங்கள். படகில் ஒரு வாளி, உபரிக் கழி, 50 அடிக் கயிறு, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்கள் நாலைந்து. 20 லிட்டர் கேன் ஒன்று ஓர் ஆளைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கும். உயிர்காப்பு உடை கிடைத்தால் அதை மூட்டைக்கு அடியில் போடாமல், குழந்தைகளுக்கு முதலில் மாட்டிவிட்டு அப்புறம் படகை அவிழ்க்கச் சொல்லுங்கள்.